ஓடாத தூரம்

நாகலூர்ப் பாதையில் ஒரு காப்பிக் கொட்டகை.
தார்ப்பாயை இழுத்ததும்
முதலில் வெளியே வந்தது ஒரு தவளை.
அதன் பிறகுதான்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றின் ஃபியட்,
யாரையும் எதிர்பார்க்காத முகத்தோடு.

என் வேலை விலை சொல்வது.
பெயிண்டின் தடிமன் அளக்கும் கருவியைக்
கதவில் வைத்தேன்: ஆலையில் அடித்தது,
மறுபூச்சு இல்லை.
எஞ்சின் எண், சேஸிஸ் எண் புத்தகத்தில் உள்ளபடியே.
டயரும் பிரேக் லைனிங்கும் மட்டும் புதிது.
முன்கதவு பின்னோக்கித் திறக்கிற பழைய ரகம்;
அதற்கு மட்டும் ஒரு லட்சம் கூட்டலாம்.
மீட்டரில் பதினோராயிரத்து நாற்பத்து மூன்று.

"இவ்ளோ நாள் எப்படி ஓடாம இருந்துச்சு?"
அர்த்தநாரிக்குச் சந்தேகம்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை;
எதையும் உரசிப் பார்த்துப் பழகிய விரல்.

"கேஸ்" என்றார் ஃப்ளாரன்ஸ் தேவகிருபை.
"நான் கல்யாணமாகி வந்தப்பவே இதுக்கு ஸ்டே."
மாமனார் கண்மூடிய கையோடு
மகன்கள் சேலம் கோர்ட்டில் பாகம் கேட்டார்கள்.
மிளகுக்கொடிக்கு வழக்கு,
கொடி ஏறிய சில்வர் ஓக்குக்கு வேறு வழக்கு.
மாதம் ஒருநாள் சாட்சி வைத்து
எஞ்சினைப் போட்டு அணைக்கலாம்,
நகர்த்தக் கூடாது.
ஐம்பத்திரண்டு வருடம்.
ஒரு திருகாணி கழன்றால் எதிர்த்தரப்பு மனுப் போடும்
என்பதால் ஒரு திருகாணியும் கழலவில்லை.

அனுபவத்தில் சொல்கிறேன்:
பகையைப்போல நல்ல மெழுகு கிடையாது.

அர்த்தநாரி போனில் கணக்குப் போட்டார்.
"அன்னிக்கு இந்தக் காசுக்கு வெள்ளி வாங்கிப் போட்டிருந்தா
இன்னிக்கு இந்த மாதிரி எட்டு வண்டி வாங்கலாம்மா."

"வெள்ளியா இருந்தா வெட்டி எடுத்துட்டுப் போயிருப்பாங்க.
காரைப் பாதியா வெட்ட முடியல. அதான் நிக்குது."

எட்டு லட்சத்து நாற்பதாயிரத்தில் பேச்சு முடிந்தது.
ஏற்றிப்போக லாரி தயாராய் நின்றது.
அப்போதுதான் அந்த அம்மாள் சொன்னார்:
"லாரி வேணாம். கீழ வரைக்கும் நான் ஓட்டிட்டு வந்து தர்றேன்.
சரின்னா கையெழுத்து."

ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையைத் தின்னும்;
என் தொழிலில் அரிச்சுவடி அது.
பின்சீட்டில் உட்கார்ந்து
கொண்டை ஊசிக்கு இரண்டாயிரமாகக்
கழித்துக்கொண்டே வந்தேன்.
இருபது. பத்தொன்பது.
ஸ்டியரிங்கை ஒட்டிய கியரை அவர்
எஸ்டேட் ஜீப்பைத் திட்டுகிற வாயால்
திட்டித் திட்டி மாற்றினார்.
பதினான்கில் ஒரு குரங்கு பானெட்டில் குதித்தது.
நகம் இழுத்த கோடு நான்கு அங்குலம்;
நாற்பதாயிரம் என்று எழுதினேன்.
அர்த்தநாரி எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்பதில் எதிரே யாருமில்லை,
இருந்தும் நீளமாய் ஒரு ஹாரன்.
ஐந்துக்குக் கீழே பிரேக் வாசம்.
எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

செக்போஸ்ட் தாண்டி நிறுத்தினார்.
சேலத்து வெயில்.
அர்த்தநாரியின் போன் அதிர்ந்தது:
நாங்கள் இறங்கிய நேரத்தில்
வெள்ளி ஏறியிருந்தது.
பார்த்தார். சட்டைப்பையில் போட்டார்.
பானெட்டில், அந்தக் கீறலுக்குப் பக்கத்தில்
உள்ளங்கையை வைத்து
வெடுக்கென்று எடுத்தார்.

"யப்பா, சுடுது" என்றார்.
மறுபடி வைத்தார்.