விடுதலைப் பத்திரம்

காங்கேயம் பத்திர ஆபீசு வேப்பமரத்தடியில்
அண்ணன் எனக்கு இளநீர் வாங்கித் தருகிறான்.
போன மாசம் இதே மரத்தடியில்
சுலோச்சனாவுக்கு வாங்கித் தந்தான்.

பத்திரத்துக்குப் பெயர் விடுதலை.
யாருக்கு என்று கேட்டேன்.
எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"பேரே அப்படித்தானுங்க அம்மிணி.
வருசத்துக்கு முந்நூறு எழுதறேன்,
ஒருத்தரும் கேட்டதில்லீங்க."

பத்தொன்பது பக்கத்தையும்
மழைக்கு முன் களத்தை வாருகிறவர் மாதிரி வாசித்தார்.
எவ்வித வற்புறுத்தலுமின்றி, முழு மனதுடன்
என்று நான் சொன்னதாக அச்சாகியிருக்கிறது.
வற்புறுத்தல் இல்லைதான்.
பட்டுச்சேலையும் பழத்தட்டுமாகத்தான் வந்தார்கள்.
"நாளைக்குத் தாய்வீடுன்னு வந்துபோக வேண்டாமா?"
அண்ணி சிரித்துக்கொண்டே கேட்டாள்.
போன வருசம் ஊத்துக்குளியில்
அவளும் இப்படித்தான் எழுதிக்கொடுத்து வந்தாள்.
என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார்:
"அவிய சொத்து, அவிய முடிவு."
அந்த 'அவிய'வுக்குள் நான் இருக்கிறேனா என்று
விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன்.

அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்றவள் நான்.
கூறைச்சேலையின் ஒரு நுனி அவனிடம், மறுநுனி என்னிடம்.
கூடப்பிறந்தவள் பாத்தியம் விடாதிருக்கத்தான் இந்தச் சீர் என்று
அருமைக்காரர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.
அன்றைக்கு முத்திரைத்தாள் வாங்க
யாருக்கும் தோன்றவில்லை.

வடக்கே இட்டேரி.
தெற்கே பெரியப்பன் காடு.
கிணற்றில் நாலில் ஒரு பாகம்,
மோட்டாரில் பாகம், மாமூல் தடம்.

வேலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
ஒன்பதாவதோடு என்னை நிறுத்திவிட்டு
அண்ணனைக் கோயமுத்தூர் ஹாஸ்டலில் சேர்த்த வருசம்
கிளுவைப் போத்து ஊன்றினேன், மூன்று பக்கமும்.
கொறங்காட்டில் மேய்ந்த நாலு எருமை.
விடியக்காலம் கறந்தது என் கை,
பரீட்சைக்குப் பணம் கட்டியது அவன் பேர்.

ரங்காத்தாளும் இல்லை.
நான் ஏட்டில் கணக்கெழுதியபோது
வெயிலில் களை வெட்டியவள்.
எழுதிக்கொடுக்க அவளுக்கு ஒரு சென்ட்டும் இல்லை.
அவள் தண்ணி கேட்டால் எட்ட நின்று ஊற்றியிருக்கிறேன்.
அது எந்தப் பத்திரத்தில் வரும்?

டோக்கன் முப்பத்தொன்று.

கட்டைவிரலைக் கண்ணாடியில் வைக்கிறேன்.
விழவில்லை.
"தொடச்சிட்டு வைங்கக்கா."
விழவில்லை.
எலுமிச்சம்பழத்துக்கு ஓடுகிறான் அண்ணன் மகன்.
"ரேகை தேஞ்சுபோச்சுங்க," கம்ப்யூட்டர் பெண் சொல்கிறாள்,
"காட்டு வேலை பாக்கறவிய நெறையப் பேருக்கு இப்படித்தான்."
எங்கே தேய்ந்தது என்று எனக்குத் தெரியும்.
சர்வே நம்பரோடு சொல்வேன்.

"பழம் வர்ற வரைக்கும்
நானே ஒருக்கா படிச்சுக்கறேனுங்க."

அண்ணன் மணி பார்க்கிறான்.
புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகுகாலம்.

சத்தமாகப் படிக்கிறேன்.
ஒன்பதாவதில் வாத்தியார் எழுப்பிவிட்ட குரல்
அப்படியே உள்ளே இருந்திருக்கிறது, கொஞ்சம் புகையேறி.
பெஞ்சிலிருந்த யாரோ ஒரு பொம்பளை
மடியிலிருந்த பையை இறக்கி வைத்தாள்.
"அந்த வற்புறுத்தல்னு வந்துச்சே,
அதை இன்னொருக்கா படி, கண்ணு."

படித்தேன்.

எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. ராகுகாலமும்.
நான் நாலாம் பக்கத்தில் இருக்கிறேன்.