தொடக்க வாட்

"என்னென்ன ஓடணும், டோன்யா மிக்தாலியா?"
காதில் செருகிய பென்சிலை உருவினான் வில்மர்.

ஃப்ரிட்ஜ், என்றேன். உள்ளே இன்சுலின்.
ஓடும்போது நூற்றைம்பதுதானாம்,
எழுந்து நிற்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும்
ஆயிரத்து இருநூறு கேட்குமாம்.
"தொடக்க வாட்" என்றான்.
புரிந்தது.
காலையில் என் முழங்காலும் அப்படித்தான்.

இரண்டு மின்விசிறி. நான்கு விளக்கு.
தண்ணீர் மோட்டார், அதுதான் பெரிய தீனிக்காரன்;
உத்துவாதோ மலையில் அது இல்லையென்றால்
குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.
டிவியை எழுதி அடித்தோம்.
ஏசியை அவன் எழுதவே இல்லை,
என் முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான்.

ஆர்லாண்டோவிலிருந்து கொழுந்தன் போன் செய்தான்:
"பெரிசா வாங்குங்க அண்ணி, வீடு முழுக்க எரியணும்."
அறிவுரைக்கு மீட்டர் ஓடுவதில்லை.
அந்தப் புயலுக்குப் பிறகு
இரண்டு கேன் பெட்ரோலுக்காக
ஏழு மணி நேரம் வரிசையில் நின்றவள் நான்.
எந்த இயந்திரமும் எனக்கு முதலில் ஒரு வாய்.

கூட்டிப் பார்த்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
"இந்தச் சின்னதே போதும். சத்தமும் குறைவு."
பர்ஸைத் திறந்தேன்.
மூடினேன்.

"ஆக்ஸிஜன் மெஷின் எவ்வளவு இழுக்கும்?"
"முந்நூற்றைம்பது. உங்களுக்கா?"
"எழுது."
"அப்படியென்றால் இது தாங்காது, அடுத்த அளவு..."
"எழுது என்றேனே."
கேபிளும் வேண்டும். முப்பது மீட்டர். தடிமனானது.
"புகை பொல்லாதது, ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்,
ஆனால் முப்பது எதற்கு?"
வேலி வரை எத்தனை அடி என்று
அவனிடம் ஏன் சொல்ல வேண்டும்?

வேலிக்கு அந்தப் பக்கம் ஹெரிபெர்டோ.
என் அவகாடோ மரத்தின் கிளையை
காய்த்திருக்கும்போதே வெட்டினவர்.
நான்கு வருடமாகப் பேச்சில்லை.
அவர் மெஷினின் ஈரமான மூச்சு மட்டும்
இரவெல்லாம் என் படுக்கையறைக்கு வந்துபோகும்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை,
மலை முழுக்க ஒரே ஊதலில் அணைந்தது.
அந்த மூச்சும் நின்றது.

கயிற்றை மூன்று முறை இழுத்தேன்.
கேபிளின் முனையை வேலிக்கு மேல் எறிந்தேன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும்.
அவர் நாய்தான் குரைத்தது.

காத்திருக்கவில்லை.
கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.
வெளியே இயந்திரம்
ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நொடி
அதன் குரல் தாழ்ந்து,
எதையோ தோளில் வாங்கி,
நிமிர்ந்தது.

சொருகிவிட்டார்.