பதினோரு ஏப்ரல்

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை என்றால்
வாவ்ரா வீட்டுக்கு எட்டு கன கெஜம்.
கேட்கவே வேண்டாம்.
ரிவர்ஸ் எடுப்பேன், பீப் பீப் என்று லாரி தெருவைக் கூட்டும்,
தொட்டி நிமிரும்,
ஆவி பறக்கச் சரியும் மரச்சீவல்
வேலியோரம் ஒரு குட்டி மலையாக.
சீடர் ரேப்பிட்ஸில் பாதிக் கொல்லைகளுக்குப்
போர்வை போர்த்தியவன் நான்.

இந்த வருடம் லெனோர் வாவ்ரா கூப்பிட்டாள்.
கொண்டுவர அல்ல,
அள்ளிப்போக.
"எல்லாத்தையுமா?"
"எல்லாத்தையும். விளையாட்டுத் தளம் போடறோம்."
பிளாஸ்டிக்கா என்றேன்.
பிளாஸ்டிக்தான் என்றாள்,
சாப்பிட்டாச்சா என்றதற்குப் பதில் சொல்கிற குரலில்.

சுருக்கென்றது. மறைப்பானேன்.
மக்கி மண்ணாகிற ஒன்றை வாரிவிட்டு
மக்கவே மக்காத ஒன்று;
மண்புழு என்ன செய்யும், மழை எங்கே போகும்,
லாரிக்குத் தவணை யார் கட்டுவது.
கடைசிக் கேள்விதான் முதலில் வந்தது.

மண்வாரியை இறக்கினேன்.
அடுக்கடுக்காக என் கணக்குப் புத்தகம்.
மேலே போன வருடத்துக் கறுப்பு.
அதன் கீழ் சாயச் சிவப்பு,
அந்தக் கோடை முழுக்க நாயின் பாதங்களில் மருதாணி.
அப்புறம் மெலிந்த ஒரு கோடு:
வீட்டுக்காரனுக்கு வேலை போன வருடம், அரை லோடு.
அதற்கும் கீழே
புயல் சாய்த்த மரங்களையே அரைத்துக் கொட்டிய வருடம்.
அடியில் கறுத்த மாவு, வெள்ளைக் காளான் நூல்,
வாலில்லாத ஒரு பச்சை டைனோசர்.

ஓரத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன்.
சிமெண்ட் முற்றம் முடிகிற இடத்தில்
இரண்டு ரப்பர் தடம்.
வந்து, நின்று, திரும்பி,
வந்து, நின்று, திரும்பி
வழவழவென்று தேய்ந்த சிமெண்ட்.
சீவல் தொடங்கிய இடத்தில்
சக்கரம் முடிந்திருக்கிறது.

ஆட்ரா. பதினான்கு வயது.
வருஷா வருஷம் அதே இடத்திலிருந்து கையாட்டுவாள்.
நானும் ஆட்டுவேன்.
வேடிக்கை பார்க்கப் பிடித்த பெண்
என்று நினைத்திருக்கிறேன்.
ஊஞ்சலடியில் நாலங்குலம் போதாது,
ஆறாகப் போடுங்கள், விழுந்தால் அடிபடாது
என்று அவள் அம்மாவிடம் சொன்னது
நான்தான்.
விழுந்ததெல்லாம் அவள் அண்ணன்கள்.

மூன்று வாரம் கழித்து, செக் வாங்கப் போன சாக்கில் நின்றேன்.
கான்கிரீட் இறுகியிருந்தது. மேலே
சல்லடைக் கண் வைத்த சதுரங்கள், சாம்பலும் நீலமும்.
நான்கு ஆட்கள் முட்டி போட்டு
ஒன்றோடு ஒன்றை அழுத்த அழுத்த
கொல்லை முழுக்க நெட்டி முறிக்கும் சத்தம்.
வளையத்தைக் கொஞ்சம் தாழ்த்தட்டுமா என்று
ஒருவன் கேட்டுவிட்டான் பாவம்.
பத்தடி என்றால் பத்தடி.
இரண்டாம் முறை அவள் சொல்லவில்லை.

நடுவில் ஒரு பாட்டம் மழை.
கண்கள் வழியே இறங்கி
சரிவில் ஓடிப் புல்லுக்குப் போனது.
எழு நிமிடத்தில் காய்ந்தது, ஆட்ரா எண்ணினாள்.
மழை எங்கே போகும் என்று
நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

"பூட்ஸைக் கழற்றுங்க" என்றாள்.
சாக்ஸோடு இறங்கினேன், கட்டைவிரலில் ஓட்டை.
அவள் திரும்பும்போது சக்கரம் கீச்சிடும்,
நான் திரும்பும்போது இடுப்பு.
பதினொன்றுக்கு இரண்டு.
அந்த இரண்டில் ஒன்று அவள் இரக்கப்பட்டது.
ஜூலையில் இந்தத் தரை காலைச் சுடும் என்றேன்,
தோற்றவன் ஏதாவது சொல்லவேண்டுமே.
தன் கால்களைக் குனிந்து பார்த்து
"எனக்கென்ன" என்று சிரித்தாள்.
சிரிக்கலாமா என்று தெரியாமல் சிரித்தேன்.

அடுத்த டெலிவரி ஜே அவென்யூவில்.
தொட்டியைத் தூக்கும் முன்
இறங்கி ஓரமாக ஒரு சுற்று நடந்தேன்.
முற்றம், படி, தண்ணீர்க் குழாய்.
தடம் ஏதும் இல்லை.
ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது,
அதை விரட்டிவிட்டுக்
கொட்டினேன்.