கண்டறியப்படவில்லை

சனிக்கிழமை விசயமங்கலத்தில் எங்கள் மன்றக் கூட்டம்.
மைக் செட்டுக்கு அனுமதி வரவில்லை.
மழை அனுமதி கேட்காமல் வந்தது.
சுவரொட்டிக் கட்டைத் துப்பட்டாவில் பொதிந்துகொண்டு
நெட்டைக் கோபுரத்துக்குள் ஓடினேன்.
கோயில் என்று ஒன்றுக்குள் கால் வைத்துப் பதினேழு வருடம்.
தோழர் சென்னியப்பன் வெளியிலேயே நின்று நனைந்தார்,
மலை முருகனைப் பெயரில் மட்டும் விட்டுவைத்திருப்பவர்.

உள்ளே கும்பிட ஆளில்லை.
தொல்லியல் துறைப் பலகை, வௌவால்கள்,
மூன்று மாதச் சம்பளம் பாக்கியுள்ள காவலர் நாச்சிமுத்து.
கட்டிலிருந்து ஒன்றை உருவி
எழுத்துக் கூட்டினார்: ஐ-யம் கொள்.
"சோறு போடறீங்களா? எந்த எடத்துலீங்?"
இல்லைங்க, சந்தேகப்படச் சொல்கிறோம்.
"ஒண்ணாங்கிளாசுல
ஐயம்னா பிச்சைன்னுதானுங்களே சொன்னாங்க."

வேதியியல் படித்தவள் நான்.
ஒரே குப்பியில் இரண்டு கரைசல் புதிதல்ல.
ஆனாலும் தூணில் சாய்ந்திருந்தபோது தெரிந்தார்கள்:
உடுப்பில்லை, ஓடில்லை,
குவித்த கையே கலமாக
உச்சிவெயிலில் இந்த ஊர் வாசல்களில் நின்றவர்கள்.
வேதம் எதற்கு, படைத்தவன் எதற்கு என்று கேட்டு
நாத்திகர் என்ற வசவை
எங்களுக்கு வெகு முன்பே வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.
சாமைச் சோறு இட்டவள் கேட்டிருப்பாள், உண்டா என்று.
ஒருவகையில் உண்டு.
இல்லையா?
ஒருவகையில் இல்லை.
முடிவாகச் சொல்லுங்களேன்?
கையைக் கழுவிவிட்டு நடந்திருப்பார்கள்.
ஐயம் வாங்கி
ஐயம் கொடுத்த கணக்கு.

எனக்குக் கோபம்தான் வந்தது.
என் சந்தேகத்தைச் சொந்தச் சம்பாத்தியம் என்றல்லவா
இத்தனை நாள் மேடையில் காட்டிக்கொண்டிருந்தேன்.
எதிர்த் தூணில், உண்ணாமல் கிடந்து
உயிர்விட்ட ஒருத்தியைப் பற்றிய எழுத்து.
அதை ஒப்புக்கொள்ள என்னால் ஆகாது.
வேரைத் தோண்டினால் அதுவும்தான் கையோடு வருகிறது.

பெருந்துறையில் ஆய்வகம். என் பாடு நொய்யல் தண்ணீரோடு.
ஈயம் 'இல்லை' என்று எழுதினால்
அதிகாரி அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்.
கண்டறியப்படவில்லை என்றுதான் எழுத வேண்டும்.
கருவிக்கு எட்டாத அளவில் இருக்கலாம்,
நமக்குத் தெரிந்தது அவ்வளவே.
மேடையில் மூன்று தரம் இல்லை என்கிறவள்
மேசையில் ஒரு தரமும் சொன்னதில்லை.

மழை நிற்கிற மாதிரி இல்லை. நாச்சிமுத்து பேச்சுக்கு ஏங்கியவர்.
"வருசத்துக்கு ஒருக்கா கர்நாடகாவுல இருந்து
பஸ்ல வருவாங்க. கெணத்துத் தண்ணிய
துணியில வடிச்சுத்தான் குடிப்பாங்க."
தெரியுமே, கிருமி போகும், அறிவியல் என்றேன்.
"அதில்லீங். துணியத் திருப்பி
அதே கெணத்துல அலசி உடுவாங்க.
ஏனுங்கன்னேன்.
துணியில ஒட்டுனதுக்கும் ஊடு அதுதானேன்னாங்க."

இருபது வருடமாக வடிகட்டுகிறேன்,
குடிப்பவருக்காக.
குடிபடுவது பக்கம் நின்று
ஒரு நாளும் யோசித்ததில்லை.

திங்கட்கிழமை. அணைக்கட்டுத் தண்ணீர், ஒரு லிட்டர்.
வடிதாளில் நீலம் படிந்தது,
யாரோ நாடு கடந்து உடுத்தப்போகும் பனியனின் நீலம்.
இனி ஓவன், நூற்றைந்து டிகிரி, ஒரு மணி நேரம், எடை.
தாளைப் பிடித்தபடி நின்றேன்.
திருப்பி அலசலாம்தான்.
வீடு திரும்ப அதில் யாராவது இருக்க வேண்டுமே.
நுண்ணோக்கியைத் துடைத்து வைத்து வெகுநேரம் பார்த்தேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால்:
உயிர் – கண்டறியப்படவில்லை.

சென்னியப்பன் போன் செய்தார், மூக்கடைத்த குரல்.
அனுமதி வந்துவிட்டதாம்.
"அடுத்த சனிக்கு என்ன தலைப்பு, தோழர்?"
அதே தலைப்புதான்.
சோறும் போட வேண்டும்.