ஒரு மீட்டர் வெல்வெட்

விளக்குத்தூண் கடைக்காரர் கேட்டார்:
"சாமிக்கா, சட்டைக்கா?"
பாக்டீரியாவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
சட்டைக்குத்தான் என்றேன்.

ஆட்டோகிளேவில் அவித்து, உருளையில் இறுக்கிக் கட்டி,
சத்தெல்லாம் உள்ள தட்டில் ஒருமுறை ஒற்றி
அதே ஈரத்தோடு
உப்பும் சர்க்கரையும் மட்டுமுள்ள தட்டில் ஒற்றினேன்.
எது எங்கிருந்ததோ அது அங்கேயே இறங்கும்.
வெல்வெட் இடம் மாற்றாது.

நாகமலைக்குப் பின்னால் வெயில் சரியும்போது
இரண்டையும் ஜன்னலில் பிடித்து எண்ணினேன்.
இதில் இருநூற்றுப் பன்னிரண்டு.
அதில் இருநூற்றுப் பத்து.

அந்த இரண்டு இல்லாததுகளுக்காக
மூன்று மாதம், பதினோரு மின்வெட்டு,
பல்கலை நகர்ப் பேருந்தில் நின்றபடி தின்ற காலைச் சாப்பாடு.

நகலெடுக்கும்போது ஓர் எழுத்து தவறியிருக்கிறது.
அதனால் ஒரு நொதி பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது.
மற்றபடி குறையில்லை.
நீந்தும், சர்க்கரை தின்னும்.
பயோட்டின் மட்டும் செய்ய வராது:
தூசியிலும் தூசி அளவு போதும்,
அது இல்லாமல் ஒன்று இரண்டாகாது.
சாகவும் இல்லை. சும்மா இருந்தன.

நாற்பத்தேழு. நூற்று அறுபத்து மூன்று.
வேறு பெயர் வைக்கவில்லை.

"பக்கத்துல பக்கத்துல கோடு போடு,
ஒட்டாம" என்றாள் ரெக்ஸலின்.

மறுநாள் சாயங்காலம்
நாற்பத்தேழின் ஒரு விளிம்பு மட்டும் வெளுத்திருந்தது,
நூற்று அறுபத்து மூன்றைப் பார்த்த விளிம்பு.

நூற்று அறுபத்து மூன்றுக்குக் கடைசிப் படி தெரியாது.
அதுவரை செய்ததெல்லாம் தேங்கி வெளியே கசிகிறது.
நாற்பத்தேழு இரண்டாம் படியிலேயே தட்டுக்கெட்டு நின்றது;
கசிந்ததை எடுத்து மிச்சப் படி ஏறிவிட்டது.
முடிக்கத் தெரியாதது கொடுத்தது.
தொடங்கத் தெரியாதது முடித்தது.

எது முன்னால், எது பின்னால்
என்ற கேள்விக்கு விடை அந்த வெள்ளைக் கீற்று.
ரெக்ஸலின் படமெடுத்தாள், தேதி போட்டாள்,
டீ வாங்கித் தந்தாள்.

நான் இன்னும் மூன்று நாள் பார்த்தேன்.
திரும்ப ஏதாவது வருகிறதா என்று.
நூற்று அறுபத்து மூன்று
போட்ட கோடாகவே கிடந்தது.

நான்காம் நாள் யாருமில்லாத நேரம்
அதன் தலைமாட்டில்
ஒரு சொட்டு பயோட்டின் வைத்தேன்.

காலையில் பாலாடை போல் தடித்திருந்தது.
தட்டைத் தூக்கிப் பார்த்து ரெக்ஸலின் கேட்டாள்,
"இது எப்படி?"

கை தவறிருச்சு என்றேன்.