கவர்

அனுப்பர்பாளையம், இரவு ஒன்பதே முக்கால்.
பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து வந்தாள்,
முடியெல்லாம் பனியன் பஞ்சு.
வாய்விட்டுச் சொல்லாமல்
நாலு விரலைக் காட்டினாள்.
நாலு நாள்.

வயிறு வலிக்குதுங்களா? வாந்தி? ரத்தம் கித்தம்?
இல்லைங்.
இருந்தா மாத்திரை தரமாட்டேன், ஆஸ்பத்திரிதான்.

ஒரு அட்டையாக் குடுத்துருங்,
ஆர்டர் முடியற வரைக்கும் ஆகும்.

கத்திரியால் இரண்டை மட்டும் நறுக்கினேன்.
படுக்கறப்ப ஒண்ணு. பாலோட வேண்டாமுங்.
விடியறதுக்குள்ள ஆகலைன்னு
அவசரப்பட்டு அடுத்ததை முழுங்கிராதீங்க,
அது நாளைக்கு ராத்திரிக்கு.
அதுக்கும் அசையலைன்னா டாக்டர்.
தண்ணி நெறையக் குடிங்க.

அதுவரை தலையாட்டியவள்
தண்ணியில் நிறுத்திவிட்டாள்.

குடிச்சா பாத்ரூம் போகோணுமுங்.
லைனுக்கே ஒரு டோக்கன்.
சூப்பர்வைசர் மேசையில, ஆணியில தொங்குது.

ஃபேனையும் அணைத்திருந்தேன்.
கடை திடீரென்று புழுங்கியது.

பேர்?
துளசிமணி.
கவரில் எழுதினேன். இரவு 1.
அதன் கீழே தண்ணீர் என்று எழுதி
இரண்டு கோடு இழுத்தேன்.

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இதை அவர்கிட்டக் காட்டலாமுங்களா?

நான் டாக்டர் இல்லைங் என்றேன்.
சொல்லிக்கொண்டே
மேசை இழுப்பறையில்
கடை சீலைத் தேடினேன்.