அரை ஷிப்ட்

பல்லடம் ரோட்டு பனியன் கம்பெனி.
பஞ்ச் மிஷின் பக்கத்தில்
புது நோட்டீஸை ஒட்டியது நான்தான்.
பசைகூடக் காயவில்லை,
ஓவர்லாக் ரங்காத்தாள் வந்து நின்றாள்:
"ஓட்டிக்கு ரெட்டச் சம்பளமுங்களா?
அப்ப இனி ஓட்டியே இருக்காதுங்."

ஐந்தரைக்கெல்லாம் விளக்கை அணைத்தார்கள்,
கன்டெய்னர் தேதி நெருங்கும் வரை.
பிறகு முதலாளி
என் மேஜையோரம் வந்து, மெதுவாக:
"கார்டை அடிச்சுப்போட்டு
மறுக்கா உள்ள வரச் சொல்லுங்."

பச்சை நோட்டு ஆய்வாளருக்கு.
சிவப்பு நோட்டு எங்களுக்கு.
ராத்திரி பதினொன்றுக்கு
இரண்டையும் எழுதுகிற எனக்கு
மாசச் சம்பளம். மணிக்கணக்கு கிடையாது.

நேற்று,
உருண்ட பேனாவை எடுக்கக் குனிந்தேன்.
அவள் மிஷின் பலகையின் அடியில்
மார்க்கிங் சாக்பீஸில் கோடுகள்,
மணிக்கு ஒன்றாக.
எண்ணினேன்.
நாற்பத்தொன்று.

என் சிவப்பு நோட்டில்
முப்பத்து நான்கு.